மூச்சுக்குழாய்கள்

குழாயைக் கடந்து நாலைந்து அடி போன பிறகுதான் எலைனுக்கு அது உறைத்தது. உள்ளே மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. விடும் சத்தம் கேட்கவில்லை.

திரும்பி வந்து, ஆள் உயரத்தில் வெட்டியிருந்த வட்டத் துளையில் காதை வைத்தாள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த இரும்பு இன்னும் சுட்டது. துருவும் பழைய கிரீஸும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. குழாயின் அடியில் யாரோ, மார்புக்குள் சரளைக்கல் உருள்கிற மாதிரியான கரகரப்போடு, மெல்ல மெல்லக் காற்றை இழுத்தார்கள். நின்றது. மறுபடி இழுத்தார்கள். மறுபடியும். நடுவில் ஒரு தடவையாவது வெளியே விட்டால் தேவலை என்று கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கே நெஞ்சு முட்டியது.

அந்த ஒலியைத் தன் கையால் வெட்டி ஒட்டியவள் அவள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் சின்ன இடைவெளி. பெங்களூர் வாடகை அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து, அயர்ந்து தூங்கும் மனிதனின் மூச்சைப்போல அதைச் சீராக்கி வைத்திருந்தாள். அதில் பாதி எங்கே போயிற்று?

விடிந்தால் திறப்பு விழா. பூதிகோட்டையின் ராகி வயல்களில் தொடங்கி, பாறைக் குன்றுகளையும் ஏரிக்கரைகளையும் சுற்றிக்கொண்டு, பழைய தங்கச் சுரங்கப் பகுதியான பாலகாட் வழியாகக் கோரமண்டல் ஸ்டேஷனில் வந்து முடிகிற நடைவழி அது. முதுகில் பையைக் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடக்க வருகிறவர்களுக்காக ஓர் அறக்கட்டளை அதைப் போட்டிருந்தது. சும்மா நடந்தால் அலுத்துவிடும் என்று வழிநெடுகக் கலைஞர்களை அழைத்து ஆளுக்கு ஒன்று நிறுவச் சொல்லியிருந்தார்கள். ராகிக் களத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கண்ணாடிக் குடைகளை நட்டிருந்தார். குன்றின் மேல் இன்னொருவர் செம்புக் கம்பியில் ஒரு மாபெரும் கையுறையைப் பின்னிப் பாறையில் கவிழ்த்திருந்தார். எலைனுக்குக் கிடைத்தது கடைசித் துண்டு. பாலகாட்டுக்கும் கோரமண்டலுக்கும் நடுவில், சைனைட் மேட்டின் அடிவாரம்.

சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, சைனைட் கரைசலால் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டிக் குவித்த மேடு அது. மேடு என்பது பேச்சுக்கு, மலைதான். புல் முளைக்காத, சாம்பல் வெளுப்பான, மழைநீர் கீறிய மலை. அதன் காலடியில் எலைன் பழைய இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டிருந்தாள். ஒரு காலத்தில் சுரங்கத்தின் அடியாழத்துத் தளங்களுக்குக் காற்றை அனுப்பிய குழாய்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு ஸ்பீக்கர். நடந்து வருகிறவர்கள் துளையில் காதை வைத்தால், கீழே வேலை செய்த ஒரு மனிதரின் மூச்சு கேட்கும். அவ்வளவுதான் அவளுடைய படைப்பு. அவள் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்தவுடனேயே அறக்கட்டளைக்காரர்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

குனிந்து குழாயின் அடியிலிருந்த பெட்டியைத் திறந்தாள். மெமரி கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேட்டரியின் இடமும் காலி.

மஞ்சுநாத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கர், ஒயரிங் எல்லாம் அவன் பொறுப்பு.

“மேடம், கார்டெல்லாம் எங்கிட்டதான் இருக்குது. பேட்டரி சார்ஜுல போட்டிருக்கேன். காலைல வந்து மாட்டிடறேன், நீங்க டென்ஷன் ஆகாதீங்க.”

“அப்போ இங்க எது ஓடிட்டிருக்கு?”

“ஒண்ணும் ஓடாதே.” கொஞ்சம் யோசித்தான். “காத்தா இருக்கும் மேடம். அந்த மேட்டாண்ட எப்பவும் காத்துதான். குழாய்க்குள்ள பூந்தா ஊதும்.”

சரி என்று வைத்துவிட்டாள். காற்றுதான். வேறு என்ன? ஆனால் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே நின்ற யூகலிப்டஸ் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. உண்ணிச் செடிப் புதர்கள் படத்தில் வரைந்ததுபோல நின்றன. கோடைச் சாயங்காலத்தின் வெளிச்சம் மேட்டின் உச்சியில் மட்டும் மஞ்சளாக மிஞ்சியிருந்தது. அடிவாரம் முழுக்க அதன் நிழல். தூரத்தில் மாரிக்குப்பம் போகிற ரயில் ஊதிவிட்டு அடங்கியது. அதற்கப்புறம் இருந்த அமைதியில், காதை வைக்காமலேயே, அடுத்த குழாய் மூச்சிழுப்பது கேட்டது.

திரும்பிப் பாலகாட்டுக்கே போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அவள் தங்கியிருந்த வீடு இருந்தது கோரமண்டலில், இந்தக் குழாய்களுக்கு அந்தப் பக்கம். அதோடு, அந்த மூச்சு எந்த மூச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்ததை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் போனால் ராத்திரி படுக்க முடியாது.

அது அவளுடைய பெரியப்பா ஏசுபாதத்தின் மூச்சு. அதில் ரகசியம் ஒன்றுமில்லை. எல்லாக் குழாய்களிலும் அவருடைய மூச்சைத்தான் வைத்திருந்தாள். ஆனால் இது அவள் வைத்த மூச்சு இல்லை. வெட்டி எடுத்த மூச்சு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டு உள்ளறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கட்டிலில் பெரியப்பாவைச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். கல்தூசி அவர் நெஞ்சை எப்போதோ இறுகவைத்துவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் டியூப் இல்லாமல் அவரால் வெகுநேரம் இருக்க முடியாது. சிலிண்டரின் ‘உஸ்’ மைக்கில் விழுகிறது என்று அவள்தான் டியூபைக் கழற்றச் சொன்னாள். “கழட்டிக்கோ கண்ணு, இந்த மூச்சும் எதுக்காச்சும் உதவட்டும்” என்று சிரித்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் கை மெல்ல எழுந்து சிலிண்டர் பக்கம் நீண்டது. எலைன் பார்த்தாள். பார்க்காமல் இல்லை. அந்த நேரத்தில்தான் மூச்சு அவ்வளவு ஆழமாக, அவ்வளவு துலக்கமாக விழத் தொடங்கியிருந்தது. விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“ஒரு நிமிஷம், பெரியப்பா.”

அவர் கையை இறக்கிக்கொண்டார். சுரங்கத்துக்குள்ளிருந்து ஆட்களை மேலே ஏற்றிப்போகும் கேஜ் வருகிறவரை இருட்டில் வரிசையாக நின்று பழகின மனிதர். பொறுங்கள் என்றால் பொறுப்பார். பொறுத்தார். பிறகு ஒரு மூச்சை இழுத்தார். நீளமாக. இழுத்துக்கொண்டே போனார். அதை விடவில்லை.

பெரியம்மா பாக்கியவதி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, டியூப் மறுபடி பெரியப்பாவின் மூக்கில் இருந்தது. “கேட்ட உடனே வெச்சுட்டேன் பெரியம்மா” என்றாள் எலைன். எந்த நாளும் வரக்கூடிய சாவுதான் என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். அவளும் தனக்குள் அதையே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அந்தக் கடைசி இழுப்பை அவள் அழிக்கவில்லை. வெட்டித் தனியாக வைத்திருந்தாள். ஒன்றிரண்டு தடவை எடுத்துக் கேட்டும் இருந்தாள். அவள் வாழ்க்கையில் பதிவு செய்ததிலேயே சுத்தமான ஒலி அதுதான் என்று, அழுதுகொண்டே, ஒரு மூலையில் பெருமைப்பட்டும் இருந்தாள். யாரிடமும் சொல்ல முடியாதது அதுதான்.

இப்போது அந்த இழுப்பு எதிரே நின்ற குழாயில் கேட்டது.

அவள் நடந்தாள். குழாயை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும் என்று நினைத்தாள். நெருங்கியதும் அது நின்றுவிட்டது. எதிரே போய் நின்றாள். குழாய் ஊமையாக நின்றது. உள்ளே யாரும் இல்லாத அமைதி இல்லை அது. ஆள் இருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அமைதி. துளையின் இருட்டு அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அதிலிருந்து தைலமும், டியூபின் ரப்பரும், வியர்த்த தலையணையும் கலந்த ஒரு வாசனை வந்தது. எலைன் ஓர் அடி பின்வாங்கினாள். மூச்சு மறுபடி தொடங்கியது. ஓர் அடி முன்னே வைத்தாள். நின்றது.

அவர் காத்திருந்தார். அவள் சரி என்று சொல்வதற்காக.

“பெரியப்பா” என்றாள், தன் குரலே தனக்குக் கேட்காமல். பிறகு அதற்கே பயந்து வேகமாக நடந்தாள்.

காலில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தாள். மேட்டின் தூசி. மாவுபோன்ற அந்த வெளுத்த தூசி தரையோடு தரையாக, சின்னச் சின்ன நெளிவுகளாக, அவள் செருப்பின் மேல் ஏறி இறங்கிக் குழாய்களின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காற்று அடித்துத் தள்ளவில்லை. எதுவோ இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் முன்னே. இழுப்பு நின்றால் தூசியும் நின்றது.

அவள் ஓடவில்லை. ஓடினால் இதெல்லாம் உண்மை என்று ஆகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு, பாதையின் நடுவில், நேரே பார்த்தபடி நடந்தாள். கடைசிக் குழாய் தெரிந்தது. அதன் அடியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

பாக்கியவதி.

எலைனுக்கு உயிர் வந்தது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, பெரியம்மா குழாயில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விழாவுக்கு அழைத்துக்கொண்டு வருகிறேன், அதுவரை பொறுங்கள் என்று எலைன் சொல்லியிருந்தாள். ஆனால் குழாய் நட்ட நாளிலிருந்து பெரியம்மா தினமும் சாயங்காலம் இங்கே வந்துவிடுவதாக லைனில் பேசிக்கொண்டார்கள்.

“யாரு, எலைனா? வா கண்ணு. நல்ல வேளைக்கு வந்த.”

பக்கத்தில் போன பிறகுதான் அதைப் பார்த்தாள். சக்கரம் வைத்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், குழாயோடு சாத்தி நின்றது. அதிலிருந்து டியூப் மேலே போய், காது வைக்கும் துளைக்குள் நுழைந்திருந்தது. ‘உஸ்’ என்று மெல்லிய சத்தம்.

“இன்னா பெரியம்மா இது?”

“கேக்கறாருடி. இந்த வாரம் பூரா கேட்டுக்கினே இருக்கறாரு. இழுக்கறாரு, இழுக்கறாரு, பத்தலன்றாரு. சிலிண்டரு ரூம்ல சும்மாதானே நின்னுகினு இருந்துச்சு. ஆட்டோல வெச்சு எடுத்தாந்துட்டேன்.”

“அது மிஷின் பெரியம்மா. டெஸ்ட் பண்றாங்க.”

“மிஷினா?” பாக்கியவதி சிரித்தாள். “அவர் பக்கத்துல படுத்தே கிழவியானவ நான். எனக்குத் தெரியாதா அவர் மூச்சு?” குழாயை உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தாள். “நடுவுல உன் குரலும் வருது. நல்லாத்தான் வெச்சிருக்க.”

“என் குரலா?”

கேட்டு முடிக்கவில்லை. குழாயின் உள்ளிருந்து, பக்கத்தில் நின்று சொல்வதுபோலத் தெளிவாக, எலைனின் குரல் வந்தது. மென்மையான, அவசரமான, கொஞ்சம் எரிச்சல் கலந்த குரல்.

*ஒரு நிமிஷம், பெரியப்பா.*

எலைன் குழாயையே பார்த்தாள்.

“அது இன்னா கண்ணு, ஒரு நிமிஷம்? எதுக்குச் சொன்ன?”

பெரியம்மாவின் குரலில் சந்தேகம் இல்லை. குழந்தை கேட்பதுபோலக் கேட்டாள். சொல்லிவிடலாம். இந்த இருட்டில், யாருமில்லாத இடத்தில், இப்போதே சொல்லிவிடலாம். சொல் நாக்குவரை வந்தது. நாக்கில் கல்மாவின் கசப்பு.

“மைக் செட் பண்றப்போ சொன்னேன் பெரியம்மா.”

“ஓ.” பாக்கியவதி தலையை ஆட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் சிலிண்டரையே பார்த்தாள். “அப்போ அன்னைக்கு அவர் கேட்ட உடனே டியூப வெச்சுட்ட இல்ல?”

குழாயில் மூச்சு நின்றது.

இந்தக் குழாயில் மட்டுமல்ல. பின்னால் வழிநெடுக அத்தனை குழாய்களிலும் நின்றது. சிலிண்டரின் ‘உஸ்’ மட்டும் கேட்டது. தூசி அசையவில்லை. மேடே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

“வெச்சுட்டேன் பெரியம்மா,” என்றாள் எலைன். “கேட்ட உடனே.”

பாக்கியவதி பெருமூச்சு விட்டாள். “அப்போ நான் தண்ணி புடிக்கப் போனதுதான் தப்பு. நான் பக்கத்துல இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் திருகி விட்டிருப்பேன். உனக்கு இன்னா தெரியும், பாவம். நான்தான் பாத்துக்காம விட்டுட்டேன்.”

இல்லை என்று சொல்ல எலைன் வாயைத் திறந்தாள். இல்லை என்றால் பிறகு யார்? வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது இழுப்பு தொடங்கியது.

குழாயிலிருந்து இல்லை. மேட்டிலிருந்து.

முதலில் காலில் உணர்ந்தாள். தரை ஒரு மயிரிழை உள்வாங்கியது. பிறகு சத்தம். ஒரு மனிதரின் இழுப்பு இல்லை. ஒன்றின் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. கரகரப்பான, ஈரமில்லாத, பொறுத்துப் பொறுத்துப் பார்த்த இழுப்புகள். மேட்டுச் சரிவின் வெளுப்பில் ஒரு சின்னக் குழி விழுந்தது. எறும்புப் புற்றின் துளை மாதிரி. அதன் விளிம்பு உள்ளே மடங்கியது. விரிந்தது. மடங்கியது.

வாய்.

பக்கத்தில் இன்னொன்று. மேலே ஒன்று. அதற்கும் மேலே. சரிவு முழுக்கத் திறந்துகொண்டே போயின. அம்மைத் தழும்புபோல, கண்ணுக்கு எட்டிய மட்டும்.

“ஐயோ, இவங்களுக்கும் பத்தலியா?” என்றாள் பாக்கியவதி.

அவள் பயப்படவில்லை. அதுதான் எலைனுக்குத் தாங்கவில்லை. பெரியம்மா குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டியூபை உருவினாள். சிலிண்டரைச் சரிவில் இழுத்துக்கொண்டு ஏறினாள். சக்கரம் மாவில் புதைந்தது. புதையப் புதைய இழுத்தாள். முதல் குழியண்டை உட்கார்ந்து டியூபை வைத்தாள். “இந்தாங்க. மெல்ல. மெல்ல இழுங்க.” அடுத்ததில் வைத்தாள். “இருங்க, வரேன். எல்லாருக்கும் வரேன்.”

“பெரியம்மா, வேணாம்! இறங்குங்க!”

“நம்ம ஜனம்டி, கீழ எறங்கி வேல செஞ்சவங்க. கேக்கறாங்க, எப்படிச் சும்மா போறது?”

போய்ப் பிடித்து இழுக்க வேண்டும். கால் வரவில்லை. அவளை நிறுத்த ஒரே ஒரு வார்த்தை போதும். உங்கள் தப்பு இல்லை, என் தப்பு. எலைன் அதை விழுங்கினாள். காற்று மெலிந்துகொண்டே வந்தது. எவ்வளவு இழுத்தும் நெஞ்சு நிறையவில்லை.

சிலிண்டர் தீர்ந்தது. ‘உஸ்’ குறைந்தது. நின்றது.

பாக்கியவதி திருகைத் திருகிப் பார்த்தாள். சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள். சுற்றிலும் வாய்கள். மடங்கி, விரிந்து, மடங்கி. அவள் எலைனைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, கையை ஊன்றி, கர்த்தர்முன் மண்டியிடுகிற மாதிரி மண்டியிட்டாள்.

பக்கத்திலிருந்த குழியில் தன் வாயை வைத்தாள்.

ஊதினாள்.

எலைன் கத்தினாள். சத்தம் வெளியே வரவில்லை. உள்ளேதான் போனது.

பெரியம்மாவின் முதுகு உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. தாழ்ந்தது. அதற்குமேல் உயரவில்லை. மாவு மெல்ல நகர்ந்து வந்து அவள் காதை மூடியது. தலைமுடியை மூடியது.

பிறகு, அந்தச் சாயங்காலம் முழுக்க எலைன் கேட்கத் தவித்த சத்தம் கேட்டது. வெளிமூச்சு. நீளமான, நிறைவான, வெதுவெதுப்பான வெளிமூச்சு. கடைசிக் குழாயில் தொடங்கி, பாதையின் வளைவு வரை, பேட்டரி இல்லாத, கார்டு இல்லாத ஒவ்வொரு குழாயிலும் அது போனது. அதில் ஒரு சொல்லும் இருந்தது. பெரியப்பாவின் குரலில் இல்லை. வேலை முடிந்து உட்காருகிற ஒரு கிழவியின் குரலில்.

“அப்பாடா.”

சரிவில் அந்த ஒரு வாய் மட்டும் மூடிக்கொண்டது. அதன்மேல் பாக்கியவதி கவிழ்ந்து கிடந்தாள். மற்ற வாய்கள் மூடவில்லை. தாய் வந்து உட்கார்ந்த கிளையின் பக்கம் குஞ்சுகள் திரும்புவதுபோல, மேட்டின் அடியிலிருந்து உச்சிவரை, ஒவ்வொன்றாக, எலைன் நின்ற பக்கம் திரும்பின.